புதுப்பிப்பு: உறுமலில் போன தொண்டை திரும்பிவிட்டது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். கும்பகோணத்தில் எங்கள் ஹெவி மெட்டல் இசைக்குழுவுக்காக இரண்டு மணி நேரம் உறுமிப் (அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று பாடுவது) பழகியதில் மூன்று நாள் பேச்சே வரவில்லை, இதெல்லாம் பாட்டா, வெறும் கத்தலா என்று.

தஞ்சாவூரில் மருத்துவரிடம் காட்டினேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரையில் காண்பித்தார். குரல்நாண்கள் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தன. முடிச்சு விழவில்லை, தப்பித்தேன். இரண்டு வாரம் மௌன விரதம். (அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.)

தப்பு இப்போது புரிகிறது. நான் குரல்நாண்களையே நெரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் உறுமலின் கரகரப்பு பெரும்பாலும் அவற்றுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்கள் அதிர்ந்து வருவது. ரஷ்யாவின் துவா பகுதித் தொண்டைப் பாடகர்களின் கர்கிரா என்ற அடிக்குரல் பாட்டிலும் அவைதான் வேலை செய்கின்றன. சத்தத்தைப் பெருக்குவது மைக்கின் வேலை, தொண்டையின் வேலை இல்லை.

மூச்சுக்குத் திருவையாற்று அத்தையிடம் போனேன். கர்நாடக சங்கீதம் சொல்லித்தருபவர். உறுமலைக் கேட்டு முகம் சுளித்தார், அப்புறம் சொன்னார்: "அடிவயித்துலேர்ந்து பிடிடா, கழுத்து நரம்பு ஏன் புடைக்குது?" மந்தர ஸ்தாயியில் (கீழ்ச் சுரங்களில்) தினமும் அரை மணி சாதகம்.

சரி, மெட்டலில் எந்தக் குரல் அழகு என்று கேட்டால் என் ஓட்டு இன்னமும் உறுமாமல் பாடிய பாடகர் ரானி ஜேம்ஸ் டியோவுக்குத்தான். கரகரப்பு இருந்தும் சுருதியும் சொல்லும் துல்லியமாகக் கேட்கும்.

நேற்று அரசலாற்றுக் கரையில் பத்து நிமிடம் உறுமினேன். தொண்டை எரியவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா மட்டும் ஓடி வந்தார்: "என்ன தம்பி, வாந்தி வருதா?"