ஹீட் பம்பிலிருந்து எரிவாயுவுக்கு எந்த வெப்பநிலையில் மாறுவது? ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஒட்டாவாவில் வசிக்கும் என் அக்கா, வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸை அகற்றாமல் அதனுடன் ஒரு ஹீட் பம்பையும் (வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) இணைக்கவிருக்கிறார். சிங்கப்பூரில் யீஷூன் வீவக வீட்டில் ஏர்கானைத் தவிர வேறெதையும் அறியாத என்னிடம் கணக்குப் பார்க்கும் பொறுப்பு வந்து சேர்ந்திருப்பது வேடிக்கைதான்.

ஹீட் பம்பின் சுருள், ஃபர்னஸின் சூடான காற்று வெளியேறும் வழியில் அமைவதால் இரண்டும் ஒருசேர வீட்டைச் சூடாக்கக்கூடாது என்பதும், வெளியே குளிர் கூடக்கூட பம்பின் திறன் குறையும் என்பதும் புரிகிறது. ஓர் அலகு ஆற்றலுக்கு மின்சாரத்தின் விலை எரிவாயுவைப்போல் 3 மடங்கு என்றும், ஃபர்னஸின் திறன் 95 விழுக்காடு என்றும் கொண்டால், ஓர் அலகு மின்சாரத்துக்கு பம்ப் 2.85 அலகு வெப்பமாவது தந்தால்தான் கட்டுப்படியாகும். ஆனால் பொருத்த வருபவரோ, இந்தக் கணக்கு எதையும் பார்க்காமல், வெளியே 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் எரிவாயுவுக்கு மாறும்படி தெர்மோஸ்டாட்டில் வைத்துவிடலாம் என்கிறார். அப்படி வைத்தால் குளிர்காலத்தின் பெரும்பகுதி பம்ப் சும்மா கிடக்குமே என்பது என் ஐயம்.

இத்தகைய அமைப்பைப் பயன்படுத்துவோர், எந்த வெப்பநிலையில் மாற்றுகிறீர்கள், ஒன்டாரியோவின் குறைந்த இரவுநேர மின்கட்டணத்துக்கேற்ப அதைத் தனியாக அமைக்க முடிகிறதா, வெளி அலகில் படிந்த பனியை உருக்கும் வேளையில் ஃபர்னஸ் தானாக எரிந்து அறைக்குள் குளிர்காற்று வராமல் தடுக்கிறதா என்பவற்றைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். மாடல் விவரங்களைக் கேட்பவர்களுக்குப் பின்னூட்டத்தில் தருகிறேன்.