புதுப்பிப்பு: சோனிக் அருவியில் தெரிந்த கோடுகள்

1991இல் வந்த சோனிக் வீடியோ கேமில் முதல் கட்டமான கிரீன் ஹில்லின் அருவி பழைய டிவியில் பின்னால் இருப்பது தெரியும்படி கண்ணாடி மாதிரி இருந்ததே, எமுலேட்டரில் (பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) மட்டும் ஏன் செங்குத்துக் கோடுகளாகத் தெரிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அந்த விளையாட்டு ஓடும் சேகா கன்சோலான மெகா டிரைவின் ஜப்பானிய மாடல் ஒன்றை ஒரே டியூப் மானிட்டரில் காம்போசிட் (படம் முழுவதும் ஒரே கம்பியில்), ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில்) இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆர்.ஜி.பி.யிலும் அதே கோடுகள்! எமுலேட்டரில் கோளாறே இல்லை.

அந்தக் கன்சோலில் இரண்டு நிறங்களைப் பாதிப்பாதி கலந்து காட்டும் வசதி கிடையாது, அதனால் செங்குத்தாக ஒரு பிக்சல் வரிசை தண்ணீர், அடுத்தது வெறுமை என்று மாற்றி மாற்றி வரைந்திருக்கிறார்கள். 320 பிக்சல் அகலத்தில் பிக்சல்கள் நொடிக்கு சுமார் 67 லட்சம் வீதம் போகின்றன, ஒன்றுவிட்ட கோடு என்றால் அதிர்வெண் அதில் பாதி, 3.36 மெகாஹெர்ட்ஸ். ஜப்பான், அமெரிக்காவின் பழைய டிவி முறையான என்.டி.எஸ்.சி.யில் நிறத்தைச் சுமக்கும் அலையோ 3.58, கிட்டத்தட்ட அதே அளவு. காம்போசிட்டில் ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் வருவதால் டிவியால் இவற்றைச் சரியாகப் பிரிக்க முடிவதில்லை, கோடுகள் கரைந்துவிடுகின்றன. அருவி மேல் லேசாக வானவில் பட்டை தெரிவதும் இதனால்தான்.

சரி, எமுலேட்டருக்கு வருவோம். ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் என்ற எமுலேட்டரில் என்.டி.எஸ்.சி. ஃபில்டரை காம்போசிட்டுக்கு மாற்றுங்கள், அருவி வந்துவிடும். எழுத்துகள் கொஞ்சம் மங்கும்தான், ஆனால் இந்த விளையாட்டுக்கு அதுதான் சரியான படம் என்பேன். ஒளியும் நிறமும் தனித்தனியாக வரும் எஸ்-வீடியோ அமைப்பில் கோடுகள் திரும்ப வந்துவிடும்.