கண்ணில் படுகிறவருக்குத்தான் வேலை நிலைக்குமா?

ஓஎம்ஆர்_தாத்தா எழுதியது:

தாத்தா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர், வயது நாற்பத்தைந்துதான். எங்கள் ஐடி டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஆளாளுக்குக் கேட்பது ஒரே கேள்வி: வேலை நிலைக்குமா? 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது 12,000 பேருக்கு மேல், அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப்போவதாக அறிவித்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் அங்கே வருடத்தில் 225 நாள் பில்லிங்கில், அதாவது கிளையண்ட் பணம் கொடுக்கும் வேலையில், இருக்க வேண்டும், ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் 35 நாளுக்கு மேல் உட்காரக் கூடாது என்று விதி வந்தது.

நான் சொல்லும் பதில்: வேலை செய்தால் போதாது, செய்வது மேலே தெரிய வேண்டும். ஊழியர்களுக்கு மதிப்பெண் போடும் ரேட்டிங் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் எக்செல் ஷீட் ஓடும். பெயர் பெயராக வரும். ஒரு பெயர் வரும்போது, "அந்தப் பையனா? அன்றைக்கு கிளையண்ட் ஃபோன் காலில் நன்றாகப் பேசினானே" என்று யாராவது ஒருவர் சொன்னால் அந்த வரி அசையாது. எல்லோரும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிந்தது. பெல் கர்வ் கணக்குப்படி, அதாவது இத்தனை பேருக்குக் குறைந்த ரேட்டிங் என்ற கணக்குக்காக, யாராவது கீழே இறங்கியாக வேண்டும், யாரும் வாய் திறக்காத பெயர்தான் இறங்கும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மணி எட்டாகியிருக்கும், எல்லோருக்கும் கேப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் மேனேஜருக்கு நாலு வரி மெயில் போடுங்கள். காலில் மியூட்டை எடுத்துப் பேசுங்கள். மேனேஜருக்கு மேலே உள்ளவருக்கு உங்கள் முகம் தெரியட்டும். இதை ஜால்ரா என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

பேட்ச்_ஜாப் எழுதியது:

தாத்தா சார், மரியாதையுடன் மறுக்கிறேன். தெரிகிற மாதிரி வேலை செய் என்றால் ஜனங்கள் எதைச் செய்வார்கள் என்று பார்த்தவன் நான்.

முன்பு நான் இருந்த ஒரு சப்போர்ட் ப்ராஜெக்டில் மாதக் கடைசியில் ஒரு ஜாப், அதாவது பில் போடும் புரோகிராம், தானாக ஓடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பம். பெரும்பாலும் விழும். விழுந்ததும் எல்லோரையும் இணைக்கும் பிரிட்ஜ் கால், இருபது பேர், அதில் பாதிப் பேர் தூக்கத்தில் "யெஸ், ஐயம் ஹியர்" என்பார்கள். எங்கள் ஆள் ஒருவர் ஜாபை மறுபடி ஓடவிட்டு, காலை ஐந்தரைக்கு "இஷ்யூ ரிசால்வ்டு" என்று எல்லோரையும் சிசியில் போட்டு மெயில் அனுப்புவார். கிளையண்டிடமிருந்து பாராட்டு, அந்தக் காலாண்டு விருது, மேடையில் போட்டோ எல்லாம் வந்தது.

அதே டீமில் ஒரு பெண். ஜாப் ஏன் விழுகிறது என்று உட்கார்ந்து பார்த்தார். வேறொரு சிஸ்டத்திலிருந்து வர வேண்டிய ஃபைல் சில நாள் இரண்டு மணிக்குள் வருவதில்லை. ஃபைல் இல்லாமலே ஜாப் கிளம்பிவிடுகிறது. மணி பார்த்துக் கிளம்பாமல் ஃபைல் வந்ததும் கிளம்பு என்று மாற்றினார். அத்துடன் ராத்திரி கால் நின்றது. வருட மதிப்பீடான அப்ரைசலில் அவருக்கு வந்த கேள்வி: "இந்த வருஷம் பெரிய இன்சிடென்ட் எதையும் நீங்க ஹேண்டில் பண்ணலையே?"

இதைவிடக் கொடுமை அடுத்தது. டிக்கெட், அதாவது பதிவாகும் புகார், குறைந்ததைப் பார்த்த கிளையண்ட், இத்தனை பேர் எதற்கு என்று கேட்டு ஓர் ஆளுக்கான சீட்டைக் குறைத்தார். அந்த சீட்டில் இருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓஎம்ஆர்_தாத்தா எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கு சாட்சி. அந்தப் பெண் ஜாபை மாற்றிய அன்றே எழுதியிருக்க வேண்டும். "கடந்த ஆறு மாதத்தில் இந்த ஜாப் இத்தனை முறை விழுந்தது, ஒவ்வொரு முறையும் இத்தனை பேர் இத்தனை மணி நேரம் விழித்தார்கள், மாற்றிய பிறகு பூஜ்யம்." இது பணமாக எவ்வளவு என்று ஒரு வரி. மேனேஜர் இதை அப்படியே தன் ஸ்லைடில் ஒட்டிக்கொள்வார், கூடவே பெயரும் மேலே போகும். தீயை அணைப்பவன் தானாகத் தெரிவான். தீ வராமல் பார்த்துக்கொள்பவர் எழுதிக் காட்டினால்தான் தெரியும். எழுத மாட்டேன், ஆனால் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் எப்படி?

பேட்ச்_ஜாப் எழுதியது:

சரி, எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். சீட் குறைவது நின்றிருக்குமா? கிளையண்டுக்கு அந்த மெயில் போயிருந்தால் இன்னும் சீக்கிரம் குறைத்திருப்பார்! ரேட்டிங் கூடியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ரேட்டிங் வேறு, பாதுகாப்பு வேறு சார். நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

செங்கொடி_கோடர் எழுதியது:

இங்கே யாரும் சட்டத்தைப் பேசவில்லையே. நான் பேசுகிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்த விஷயத்தில் இரண்டிலும் அடிப்படை ஒன்றே. ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு. யாரை அனுப்புவது? அதே பிரிவில் கடைசியில் சேர்ந்தவர் முதலில் என்பதுதான் பொது விதி. அதை மீறினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தாத்தா சொல்லும் எக்செல் ஷீட் இந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். இது எல்லாம் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் இருப்பவருக்கு. நிர்வாகப் பணியில் இருப்பவர் வெளியே. மேற்பார்வை வேலை பார்த்து, பழைய சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேலும், புதியதில் 18,000-க்கு மேலும் வாங்குபவரும் வெளியே. நம் துறையில் 18,000 யாருக்கு என்று கேட்காதீர்கள். ஆக, உட்கார்ந்து கோட் எழுதும் வரை, டெஸ்ட் செய்யும் வரை "நான் தொழிலாளி" என்று வாதாட இடம் உண்டு. விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதல்ல, கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. நன்றாகத் தெரிந்து, மேலே வந்து, ஆட்களுக்கு லீவு கொடுத்து ரேட்டிங் போடும் மேனேஜர் ஆனீர்கள் என்றால் குடை போய்விட்டது. 2025-இல் டிசிஎஸ் குறைக்கப்போவதாகச் சொன்னதும் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகளில்தான். தெரியத் தெரிய உயரலாம், உயர உயரச் சட்டம் கைவிடும். இதை யாராவது அப்ரைசல் பயிற்சியில் சொல்கிறார்களா?

ஐடியில் சட்டமா என்று சிரிப்பவர்களுக்கு: 2015 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு கர்ப்பிணி ஐடி ஊழியரின் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. 2016-இல் ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசே தெளிவுபடுத்தியது.

அம்பத்தூர்_லேத் எழுதியது:

எதற்கு இவ்வளவு ரகளை? நிரந்தரம் வேண்டுமென்றால் குரூப் 4 எழுதுங்கப்பா.

பேட்ச்_ஜாப் எழுதியது:

@அம்பத்தூர்_லேத் 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்தது 6,244 இடம். விண்ணப்பித்தது சுமார் 20 லட்சம் பேர். எங்கள் பெல் கர்வே தேவலை அண்ணே.

லீவுமுடிந்த_டெஸ்டர் எழுதியது:

இரண்டு பக்கமும் படித்தேன். தாத்தா சார் சொல்லும் விதியில் என் மாதிரி ஆள் எங்கே நிற்பது?

பிரசவ விடுப்பு 26 வாரம், 2017 திருத்தத்தால் கிடைத்தது. முடித்துவிட்டு வந்தேன். அப்ரைசல் வருடத்தில் பாதி நான் ஆபீசில் இல்லை. மேனேஜர் நல்ல மனிதர்தான், குழந்தை போட்டோ எல்லாம் கேட்டுப் பார்த்தார். அப்புறம், "உங்களைப் பத்திச் சொல்ல எனக்கு மெட்டீரியல் இல்லையேம்மா, நடு ரேட்டிங் போட்டுடறேன்" என்றார். மீதி ஆறு மாதம் நான் ரெக்ரஷன் டெஸ்டை எல்லாம், அதாவது புது மாற்றத்தால் பழையது கெடவில்லையே என்று பார்க்கும் சோதனைகளை, எடுத்து ஒழுங்குபடுத்தியது அவருக்கு மெட்டீரியலாகப் படவில்லை. சாயங்காலம் ஆறரைக்குத்தான் கிளையண்ட் கால். நான் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால்தான் குழந்தையைக் காப்பகத்திலிருந்து எடுக்க முடியும். மியூட்டை எடுத்துப் பேசு என்கிறீர்கள், நான் கால் நடக்கும் நேரத்தில் துரைப்பாக்கம் சிக்னலில் நிற்கிறேன் சார்.

ஓஎம்ஆர்_தாத்தா எழுதியது:

@லீவுமுடிந்த_டெஸ்டர் நியாயம்மா. ஆறரை மணிக் காலில் பேசுபவர்தான் திறமைசாலி என்பது ஆண்கள், அதிலும் வீட்டில் ஆள் இருக்கும் ஆண்கள் போட்ட விதி. மறுக்கவில்லை. விதி மாறும் வரை என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

இத்தனை பேர் கீழே இருந்தே ஆக வேண்டும் என்று தரம் பிரிக்கும் பழைய ஃபோர்ஸ்டு ரேங்கிங்கை மைக்ரோசாப்ட்டே 2013-இல் தூக்கிப் போட்டது. நம் கம்பெனிகளிலும் பலர் எடுத்துவிட்டோம் என்கிறார்கள். பெயரை எடுத்தார்கள். பட்ஜெட் இருக்கும் வரை அந்த ஷீட் வேறு ஏதாவது பெயரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

செங்கொடித் தோழருக்கு: 15 நாள் ஊதியம் பற்றிச் சொன்னது சரி. நடைமுறையில் எத்தனை பேரை "ஆட்குறைப்பு" என்று சொல்லி அனுப்புகிறார்கள்? எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டு, நீங்களே ராஜினாமா கொடுத்தால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும் என்பார்கள். பையன் அங்கேயே டைப் செய்து கொடுத்துவிட்டு வருவான்.

செங்கொடி_கோடர் எழுதியது:

அதே அறையைப் பற்றித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். ராஜினாமா எழுதிவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் வழி ரொம்பக் குறுகிவிடும், மிரட்டி வாங்கினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சொன்னதை மெயிலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். லேப்டாப்பைப் பிடுங்குவதற்கு முன் ஆஃபர் லெட்டர், சம்பள சீட்டு, அப்ரைசல் கடிதங்கள் உங்கள் சொந்த மெயிலில் இருக்கட்டும். கம்பெனி எழுதிய கோட், கிளையண்ட் டேட்டா எதையும் தொடாதீர்கள், அது வேறு வம்பு. ஐந்து வருடம் முடித்தவர் கிராஜுவிட்டியை மறக்க வேண்டாம், ராஜினாமா செய்தாலும் அது உண்டு.

பேட்ச்_ஜாப் எழுதியது:

இதற்கிடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "நான் இல்லாவிட்டால் ஓடாது" என்று ஒரு மாட்யூலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாருக்கும் கேடி கொடுக்காமல், அதாவது வேலையைச் சொல்லிக்கொடுக்காமல், இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேலை போகாது, நிஜம். ஆனால் வெளிநாட்டு ஆன்சைட் வாய்ப்பும் வராது, வேறு ப்ராஜெக்டும் வராது. ரிலீஸ் கேட்டால், நீங்கள் இல்லாமல் எப்படி என்பார்கள். அந்தப் பழைய சிஸ்டத்தைக் கிளையண்ட் மூடும் நாளில், வெளியே யாருக்கும் தேவைப்படாத ஒன்றில் பத்து வருட அனுபவத்தோடு நிற்பார்கள்.

நான் மேலே சொன்ன பெண்ணின் கதை முடியவில்லை. சீட் போனது, பெஞ்சுக்கு வந்தார். அந்த ராத்திரிக் காலில் இருந்த வேறு டீம் ஆள் ஒருவர் அதற்குள் இன்னொரு கம்பெனிக்குப் போயிருந்தார். ஜாபை யார் சரி செய்தார் என்று அவருக்குத் தெரியும், ராத்திரித் தூக்கம் திரும்பக் கிடைத்தவர் ஆயிற்றே. அவர்தான் ரெஃபர் செய்தார். மேனேஜர் கண்ணுக்குத் தெரியாதவர் பக்கத்து டீம் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறார். தாத்தா சார் மேலே பார்க்கச் சொல்கிறார், நான் பக்கத்தில் பார்க்கச் சொல்கிறேன்.

ஓஎம்ஆர்_தாத்தா எழுதியது:

பக்கத்தில் இருப்பவர் ரெஃபர் செய்யலாம் தம்பி, 90 நாள் நோட்டீஸ் பீரியடில் எந்த கம்பெனி காத்திருக்கும்? மேலே இருப்பவர் மனசு வைத்தால்தான் சீக்கிரம் விடுவார்கள். அதனால் என் கட்சியை விடுவதாக இல்லை.

@லீவுமுடிந்த_டெஸ்டர் அப்ரைசல் படிவத்தைத் திருத்த இன்னும் நாள் இருந்தால் இப்படி எழுதிப் பாருங்கள்: பணியில் இருந்த காலம் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை. அதற்குள் இத்தனை டெஸ்ட் கேஸ் சீரமைப்பு, ஒரு ரிலீசை டெஸ்ட் செய்ய முன்பெல்லாம் எத்தனை நாள் ஆனது, இப்போது எத்தனை நாள் ஆகிறது. கால் நேரத்துக்கு முன் பத்து நிமிடத்தில் அன்றைய நிலவரத்தை எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் சிக்னலில் நிற்கும்போது அந்த மெயில் காலில் வாசிக்கப்படும்.

லீவுமுடிந்த_டெஸ்டர் எழுதியது:

எழுதிவிட்டேன் சார். செங்கொடித் தோழர் சொன்ன மாதிரி ஒரு காப்பி என் சொந்த மெயிலுக்கும் போட்டுவிட்டேன். ரெக்ரஷன் பற்றி பக்கத்து டீமுக்கு அடுத்த வாரம் ஒரு செஷன் எடுக்கிறேன், மத்தியானம் மூன்று மணிக்கு.