நிற்காத இசைத்தட்டும் நசுங்கிய சதமும்

மொன்றியலிலிருந்து:

எங்கள் ஊர் இசைக்குழுவான காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரரின் முதல் ஸ்டூடியோ ஆல்பம் 'எஃப் ஷார்ப் ஏ ஷார்ப் இன்ஃபினிட்டி'யை நான் இரண்டு தரம் 'முதன்முதலாக' கேட்டிருக்கிறேன். படிக்கிற காலத்தில் சீடியில் ஒருதரம். பல வருடம் கழித்து இசைத்தட்டில் ஒருதரம்.

இரண்டும் ஒன்றல்ல. 1997 ஓகஸ்டில் இங்கே மொன்றியலில் கான்ஸ்டலேஷன் நிறுவனம் 500 பிரதியோடு தொடங்கிய இசைத்தட்டு 38 நிமிடந்தான் ஓடும், பக்கத்துக்கு ஒரு நீண்ட உருப்படி. அடுத்த வருடம் சிகாகோவின் கிராங்கி நிறுவனம் போட்ட சீடி 63 நிமிடம், மூன்று உருப்படிகள். அதைத்தான் உலகம் முழுக்கக் கேட்டது, நானும் அதைத்தான் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

இசைத்தட்டை வாங்கி வந்த அன்று அப்பா வீட்டில் இருந்தார். உறையின் முகப்பில் இருப்பது அச்சுப்படம் இல்லை, உண்மையான புகைப்படத்தைக் கையால் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு சின்னக் கடித உறை. அதைக் கவிழ்த்தேன், மேசையில் ஒரு உலோகத்துண்டு விழுந்தது. நான் என்னவென்று பார்க்க முதலே அப்பா எடுத்துவிட்டார். விரலால் தடவினார்.

"தண்டவாளத்தில வச்ச காசெல்லோ இது."

அதுதான். கனடாவின் ஒரு சதக் காசைத் தண்டவாளத்தில் வைத்து, ரயில் ஏறி நசுக்கியதை எடுத்து ஒவ்வொரு பிரதிக்குள்ளும் போட்டிருக்கிறார்கள். இந்த ஆல்பம் பதிவான ஹோட்டல் டூ டாங்கோ ஸ்டூடியோ இருந்தது மொன்றியலின் மைல் எண்ட் பகுதியில். அந்தப் பகுதியின் அஞ்சல் எண் 'எச் 2 டி' என்று தொடங்கும். வயர்லெஸ்காரர் எழுத்துகளைச் சொல்லும் முறையில் எச் என்றால் ஹோட்டல், டி என்றால் டாங்கோ. பெயர் வந்தது அப்படித்தான். மைல் எண்டின் வடக்கு ஓரம் முழுக்கத் தண்டவாளம். பக்கத்துப் பகுதியான பாக் எக்ஸ்டென்ஷனில் வளர்ந்த எனக்கு அந்தச் சரக்கு ரயிலின் சத்தம் வீட்டுச் சத்தம்.

அப்பாவுக்கு அது யாழ்ப்பாணத்துக் கொக்குவில். சதுரமான அஞ்சு சதத்தை வைத்துவிட்டு ஓடி ஒளிந்து, யாழ்தேவி ரயில் போன பிறகு தேடி எடுப்பார்களாம், உடனே தொட்டால் சுடுமாம். 1990இல் போரால் ரயில் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. இதெல்லாம் அவர் எனக்கு முன்பு சொன்னதே இல்லை.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் தட்டைப் போட்டுவிட்டேன். அடியில் கனத்த ரீங்காரம், அதன்மேல் அழிந்துபோன ஒரு நகரத்தைப் பற்றி ஆழமான குரலில் ஒருவர் பேசுகிறார், பிறகு வயலினும் செலோவும். இங்கிலிஷ் பேச்சை அப்பா கவனித்ததாகத் தெரியவில்லை. வயலின் வந்ததும் காசைக் கையில் வைத்தபடி கதிரையில் சாய்ந்தார். எந்தப் பாட்டையும் "கொஞ்சம் குறை" என்று சொல்கிறவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தை நான் புரட்டிப் போடும்வரை காத்திருந்தார்.

அந்தப் பக்கத்தின் கடைசிப் பள்ளம் ஒரு மூடிய வட்டம். ஊசி வெளியே வராது. நிமிடத்துக்கு 33 சுற்று என்பதால் ஒரு வட்டம் இரண்டு விநாடிக்கும் குறைவு. தந்திகளின் அதே துண்டு திரும்பத் திரும்ப வரும். பெயரில் 'இன்ஃபினிட்டி' என்று வாசிக்கும் முடிவிலிக் குறிக்குப் பொருள் இது. சீடியில் இது கிடையாது என்பதால், இத்தனை வருடம் இந்த ஆல்பத்துக்கு ஒரு முடிவு இருக்கிறதென்றே நம்பியிருந்தேன்.

"முடியேல்லையோ?"

"இது முடியாதப்பா. நாங்களா எழும்பி ஊசியை எடுக்கவேணும்."

இருவரும் எழும்பவில்லை.

வேளச்சேரியிலிருந்து:

அண்ணா, நான் இதுக்குள்ள வந்தது '28 டேஸ் லேட்டர்' படம் வழியாத்தான். ஆளில்லாத லண்டன்ல ஹீரோ தனியா நடக்கிற இடம், பின்னாடி கிடார் மெதுவா ஏறிக்கிட்டே போகும். அது இந்த சீடியோட ரெண்டாவது உருப்படி 'ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ்'. படத்தோட இசை ஆல்பத்துல தேடினா அது இல்லை. பேரைக் கண்டுபிடிக்கவே ரொம்ப நாளாச்சு.

முழுசா 18 நிமிஷம்னு பார்த்ததும் முன்பகுதியைத் தள்ளிவிட்டு நேரா கிடாருக்குப் போயிடுவேன். ரெண்டு வருஷம் அப்படித்தான் கேட்டேன். ஒரு நாள் ராத்திரி ஆபீஸ் வண்டியில வரும்போது போன் பைக்குள்ள இருந்ததால தள்ள முடியலை. தெருவுல ஒருத்தர் உரக்கப் பிரசங்கம் பண்றார், பின்னாடி பேக்பைப். கேட்டுக்கிட்டே இருந்தப்போ உறைச்சது: அந்த பேக்பைப் வாசிக்கிறது முதல் உருப்படியில வயலின் வாசிச்ச அதே மெட்டு! வண்டியை நிறுத்தச் சொல்லி யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ் வான்கூவர்ல உள்ள ஒரு தெரு, வீடில்லாதவங்க நிறைய பேர் இருக்கிற இடம்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தத் தெருவுல நின்னு கேட்ட பிறகுதான் கிடார் வரணும். அதுக்கு முன்னாடி வந்தா அது வெறும் கிடார்.

தயவுசெஞ்சு யாரும் தள்ளிவிட்டுக் கேக்காதீங்க.

ஸ்காபரோவிலிருந்து:

நான் இரவு வேலைக்குப் போகிறவள். காலையில் வந்து படுக்கும்போது மூன்றாவது உருப்படி 'ப்ராவிடென்ஸ்' போடுவேன். 29 நிமிடம். நடுவில் முழுக்குழுவும் சேர்ந்து எழும்பி அடித்து ஓய்ந்த பிறகு, சீடியில் சில நிமிடம் ஒன்றுமே இருக்காது. முதல்நாள் அது முடிந்ததென்று நினைத்துக் கண்ணயர்ந்துவிட்டேன். பிறகு திடீரென்று இசை திரும்பி வந்தது. அறையில் யாரோ நிற்பது போலத் திடுக்கிட்டு எழும்பி உட்கார்ந்தேன். இப்போது அந்த மௌனத்துக்காகவே விழித்திருக்கிறேன். வெளியே பள்ளி பஸ் வரும், ஹீட்டர் உறுமும், எல்லாமே அந்த இசைக்குள் வந்துவிடும்.

மொன்றியல்காரர், ஊசியைக் கடைசியில் யார் எடுத்தது?

மொன்றியலிலிருந்து:

நான்தான். அப்பா படுக்கப் போன பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன், அவருடைய அறைக்குக் கேட்கும் அளவில். எடுத்ததும் உள்ளே இருந்து "நிப்பாட்டிட்டியோ?" என்று கேட்டார்.

சதம் திரும்ப உறைக்குள் போகவில்லை. அது அப்பாவின் மாத்திரைப் பெட்டிக்குள் கிடக்கிறது.