கணக்கு டீச்சருக்குத் தட்டுப்பாடாம், சம்பளம் மட்டும் ஏறவில்லையே?

கொருக்குப்பேட்டைக்காரி:
எம்.எஸ்சி. கணக்கு, பி.எட்., டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாளும் பாஸ். தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் மாதம் 11,000 தருகிறார்களாம். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். கோச்சிங் சென்டரில் இரண்டு மடங்கு கிடைக்கும். அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். டீச்சர் வேலை என்றால்தான் மரியாதை என்று ஒரே பிடி. பேப்பரைத் திறந்தால் ஆசிரியர் பற்றாக்குறை என்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் சம்பளம் ஏற வேண்டாமா?

வியாசர்பாடி வாத்தியார்:
தங்கச்சி, ஆளுக்கு எங்கே பஞ்சம்? டெட் பாஸ் செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். 2018இல் அரசாணை 149 போட்டு, பாஸ் செய்தவர்களும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். காலியிடங்களுக்கு 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலைக்கு 12,000. எங்கள் பள்ளிக்கு அப்படி வந்த கணக்கு டீச்சர் மணலியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். எட்டாம் வகுப்பில் வாயே திறக்காத பையன்கள் அவர் பீரியடில் போர்டுக்குப் போக அடித்துக்கொள்வார்கள். வருடம் முடிவதற்குள் ஒரு வங்கியின் கால் சென்டருக்குப் போய்விட்டார். எந்த முகத்தோடு தடுப்பது?

நிரந்தர வேலையிலும் கூத்து உண்டு. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது தொடக்க வகுப்பு எடுப்பவருக்கு, அடிப்படைச் சம்பளம் 8,370, மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 என்று வைத்தார்கள். ஒரே ஸ்டாஃப் ரூம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இதற்கு நடுவில் மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவு, தேர்தல் வேலை. செப்டம்பர் 5க்குப் பொன்னாடை போர்த்துவதெல்லாம் சரி, வருடா வருடம் தேதி சொல்லித் தேர்வு வைத்து இடத்தை நிரப்பட்டும். எமிஸுக்குத் தனியாக ஆள் போடட்டும். இளைஞர்கள் தானாக வருவார்கள்.

காசிமேடு அம்மா:
சார் சொல்வது நிஜம். என் மகள் பள்ளியில் சயின்ஸ் டீச்சரே கணக்கும் எடுக்கிறார். பாவம், அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டியே இருக்கிறது. மாதக் கடைசியில் டியூஷனுக்கு நாங்கள்தான் அழுகிறோம்.

கொருக்குப்பேட்டைக்காரி:
அப்போ கோச்சிங் சென்டருக்கே போய்விடலாமா சார்?

வியாசர்பாடி வாத்தியார்:
போங்க, தப்பே இல்லை. ஆனால் எம்.எஸ்சி., பி.எட். இருக்கிறதே, முதுகலை ஆசிரியர் தேர்வையும் விடாதீங்க. அதற்கு டெட்கூடத் தேவையில்லை. ஒரிஜினலை மட்டும் எந்தப் பள்ளியிலும் கொடுத்துவிடாதீங்க, ஜெராக்ஸ் போதும். அப்பாவிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன்.