ரப்பர் தேன் ஆய்வுக்கான மானிய விண்ணப்பம்: வழிகாட்டுதல் வேண்டுகிறோம்

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் அருகே தேன் பதப்படுத்தும் சிறு நிறுவனம் நடத்துகிறோம். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப நிறுவனமான பைராக் (BIRAC), புதிய கண்டுபிடிப்பு முயற்சிகளுக்கென 18 மாத ஆய்வுக்கு ₹50 லட்சம் வரை வழங்கும் ‘பிக்’ (BIG) மானியத்துக்கு விண்ணப்பம் எழுதி வருகிறோம்.

நம் மாவட்டத்து ரப்பர் தேன், பூவிலிருந்து அல்லாமல் ரப்பர் மரத்துத் தளிரிலைக் காம்பின் சுரப்பிகளிலிருந்து தேனீக்கள் சேகரிப்பது என்பதையும், ஈரப்பதம் மிகுந்திருப்பதால் விரைவில் நொதித்துவிடுகிறது என்பதையும் இங்குள்ள தேனீ வளர்ப்போர் நன்கறிவர். உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதைக் குறைப்பதற்காக மிகுதியாகச் சூடாக்கினாலோ எச்.எம்.எஃப். (சூட்டால் தேனின் சர்க்கரையிலிருந்து உருவாகும் வேதிப்பொருள்) கூடிவிடுகிறது, அதற்கும் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. எனவே, வெற்றிட முறையில் குறைந்த வெப்பத்தில் நீரை நீக்கும் இயந்திரத்தை, ஒரு கிராமத்துச் சங்கமே வாங்கி இயக்கக்கூடிய விலையில் உருவாக்க விரும்புகிறோம்.

எங்களுக்குத் தடையாக நிற்பது ‘புதுமை’ என்னும் பகுதிதான். வெற்றிட முறை முன்பே பெரிய ஆலைகளில் உள்ளதால், ரப்பர் தேனுக்கென அதன் வெப்பத்தையும் நேரத்தையும் வரையறுப்பதை மதிப்பீட்டாளர்கள் ஆய்வாக ஏற்பார்களா, அல்லது வெறும் இயந்திரக் கொள்முதலாகக் கருதிவிடுவார்களா? முதற்கட்டத் தரவாக எங்கள் ரிஃப்ராக்டோமீட்டர் (தேனின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி) அளவீடுகள் போதுமா, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையும் வேண்டுமா? கல்லூரி ஒன்றுடன் இணைவது பயன் தரும் என்றே நம்புகிறோம். ஆனால் கண்டுபிடிப்பின் உரிமையை எவ்வாறு பகிர்வது?

இத்தகைய மானியம் பெற்றவர்களோ, விண்ணப்பங்களை மதிப்பிட்டவர்களோ இங்கிருந்தால் அன்புகூர்ந்து பதிலளியுங்கள். வரைவைப் படித்துக் குறைகளைச் சுட்டிக்காட்ட முன்வருவோருக்கு அதை உடனே அனுப்பிவைக்கிறோம்.