சீழ் வடிகிறது என்றால் சாம்பல் பொட்டலம்: சோதிக்காமல் கொடுப்பது சரியா?

லேப்_நெல்லை: ஆணுறுப்பில் சீழ் என்று வருபவருக்கு அரசு மருத்துவமனைகளில் சாம்பல் நிறப் பொட்டலம் தருகிறார்கள். உள்ளே அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சைம் 400 மில்லிகிராம், இரண்டும் கிருமிக்கொல்லி மாத்திரைகள். ஒரே வேளையில் விழுங்க வேண்டும். என்ன கிருமி என்று யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் கொனோரியா, அதாவது வெட்டை நோய். அந்தக் கிருமி சல்ஃபா, பெனிசிலின், சிப்ரோ என்று பழைய கிருமிக்கொல்லிகள் எல்லாவற்றையும் ஏப்பம் விட்டாயிற்று. அமெரிக்காவில் கொனோரியா சிகிச்சைப் பரிந்துரையில் 2007இல் சிப்ரோவையும், 2012இல் முதல் மருந்து என்ற இடத்திலிருந்து செஃபிக்சைமையும், 2020இல் அசித்ரோவையும் எடுத்துவிட்டார்கள். நாம் கடைசி இரண்டையும் சேர்த்துப் பொட்டலம் கட்டுகிறோம்.

நர்ஸ்_மகேஸ்: கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும் சார். முகத்தை மூடிக்கொண்டு வந்து, சீட்டில் வேறு பெயர் எழுதச் சொல்கிறவர் திரும்பி வருவாரா? என் எதிரிலேயே விழுங்க வைத்து, ஒரு வாரம் உறவு கூடாது, மனைவிக்கும் மருந்து வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

மெடிக்கல்_குமார்: மேடம் சொல்வது சரி. பொட்டலத்தை நிறுத்தினால் எல்லாரும் கடைக்குத்தான் வருவார்கள். செஃபிக்சைம், கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது, டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். அதனால் 'அண்ணே, அசித்ரோ மட்டும் ரெண்டு கொடுங்க' என்பார்கள். அது இன்னும் மோசம்.

லேப்_நெல்லை: நிறுத்தச் சொல்லவில்லையே. மாத்திரைக்குப் பதில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுங்கள் என்கிறேன். தொண்டையில் தொற்று இருந்தால் செஃபிக்சைம் சரியாகக் கேட்பதில்லை. அங்கே கொனோரியா கிருமியின் சாதுவான பங்காளிக் கிருமிகள் குடியிருக்கின்றன, மருந்தை எதிர்க்கும் மரபணுவை அவற்றிடமிருந்துதான் அது கடன் வாங்குகிறது. 2009இல் ஜப்பானின் கியோட்டோவில், ஊசிக்கே அடங்காத ரகம் ஒரு பெண்ணின் தொண்டையில்தான் கிடைத்தது.

நர்ஸ்_மகேஸ்: அப்படியானால் உங்கள் ஊசியும் நிரந்தரமில்லை! கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட ஆள் இல்லாத நேரம் என்ன செய்வது?

லேப்_நெல்லை: அதனால்தான் எந்த ரகம் சுற்றுகிறது என்று தெரிய வேண்டும். பத்தில் ஒருவரிடமாவது ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சியில் சீழ் மாதிரி எடுங்கள்.

நர்ஸ்_மகேஸ்: எடுக்கலாம். உடம்பை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் சாகிற கிருமி இது. எங்கள் அறையிலிருந்து ஆய்வகம் போவதற்குள் செத்துப்போனால் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கொடுப்பீர்கள்.

லேப்_நெல்லை: கிருமியை உயிரோடு கொண்டுபோக உதவும் அமீஸ் மீடியத்தில் வைத்து அன்றே அனுப்பினால் பெரும்பாலும் தாங்கும், ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். அப்புறம், மாத்திரை விழுங்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.